உன் வாக்கை வாங்கி நான் எடுத்து வந்த இசக்கி

அன்பு சங்கரனுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் நீ தொலைபேசியில் அம்மாவோடு பேசிக்கொண்டிருந்தபோது நான் பக்கத்து அறையில்தான் இருந்தேன். செய்தித்தாள் கையில் இருந்தது, காது உன் அம்மாவிடம் இருந்தது. உன் கல்யாணப் பத்திரிகையை யார் யாருக்கு நேரில் கொண்டுபோய்க் கொடுப்பது என்று அவள் ஒவ்வொரு பெயராகச் சொல்லி எழுதிக்கொண்டு வந்தாள். “சேரன்மாதேவிப் பக்கத்து ஊர்ல பேச்சியம்மாவுக்கும் ஒண்ணு எழுதட்டுமாடா?” என்று கேட்டாள். நீ என்ன சொன்னாய் என்பது எனக்குக் கேட்கவில்லை. பேச்சு முடிந்த பிறகும் அவள் ரிசீவரைக் கீழே வைக்காமல் நின்றாள். “என்னவாம்?” என்று கேட்டேன். “எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டும்மா அங்க போவேன்னு கேக்கான்” என்றாள். பிறகு என்னைப் பார்க்காமல் அடுக்களைக்குள் போய்விட்டாள். அன்றிலிருந்து இந்தக் கடிதத்தை மனதுக்குள் எழுதிக்கொண்டே இருக்கிறேன். நேரில் சொல்லியிருக்க வேண்டியது. இத்தனை வருஷமாக நீ வீட்டுக்கு வந்தபோதெல்லாம் உன் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன். பெங்களூரில் குளிர் எப்படி, ரயிலில் இடம் கிடைத்ததா என்று கேட்டிருக்கிறேன். இதை மட்டும் சொன்னதில்லை.

உன் அப்பா என்ன வேலை பார்த்தான் என்பது உனக்குத் தெரியும். அந்த வேலை அவனை என்ன செய்தது என்பது தெரியாது. நான் கலை வரலாறு படிக்க வடக்கே போகிறேன் என்றபோது உன் தாத்தா, “செலையப் பாக்கதுக்கு ஒரு படிப்பாலே?” என்று கேட்டார். அவருக்குப் பதில் சொல்வதற்காகவே அரைவாசி வாழ்நாளைச் செலவழித்தேன் என்று இப்போது தோன்றுகிறது. திரும்பி வந்து கல்லூரியில் வரலாறு நடத்தினேன். சனி ஞாயிறுகளில் சைக்கிளில் காமிராவும் அளவுநாடாவும் கட்டிக்கொண்டு களக்காடு, ராதாபுரம், ஆற்றங்கரை ஊர்கள் என்று சுற்றினேன். நீ பிறந்த அன்று களக்காட்டில் ஒரு மண்டபத்தின் தூண்களை அளந்துகொண்டிருந்தேன். ஆள் வந்து சொன்னான். இன்னும் நாலு தூண்தான் பாக்கி, முடித்துவிட்டுப் போகலாம் என்று நினைத்தேன். மறுநாள் சாயங்காலம்தான் உன்னைப் பார்த்தேன். உன் அம்மா இதைச் சிரித்துக்கொண்டே எல்லோரிடமும் சொல்லுவாள், நானும் கூடச் சேர்ந்து சிரிப்பேன். அது சிரிக்கிற விஷயம் இல்லை என்று எனக்குத் தெரிய இத்தனை வயது ஆகியிருக்கிறது.

பல்கலைக்கழகத்தில் அருங்காட்சியகம் ஒன்று தொடங்கி என்னை இயக்குநராகப் போட்டபோது எனக்கு ஐம்பது தாண்டிவிட்டது. உனக்கு நினைவிருக்கும், நூலகத்துக்கு மேலே இரண்டு அறைகள். உடைந்த பானைகள், ஒரு முதுமக்கள் தாழி, தலையில்லாத இரண்டு துவாரபாலகர்கள், யாரோ தானமாகக் கொடுத்த ஓலைச்சுவடிகள். வெளியூரிலிருந்து வருகிற அறிஞர்கள் பத்து நிமிஷத்தில் பார்த்து முடித்துவிட்டு, “கேன்டீன் எங்கே இருக்கிறது?” என்று கேட்பார்கள். எனக்கு ஒன்று வேண்டியிருந்தது. இதைப் பார்க்கவே திருநெல்வேலிக்கு வர வேண்டும் என்று சொல்லும்படியான ஒரு பொருள். அதற்காக நான் ஏங்கினேன், சங்கரா. பிள்ளையில்லாதவர்கள் பிள்ளைக்கு ஏங்குவதைப்போல என்று எழுத நினைத்தேன், கை வரவில்லை. எனக்குத்தான் நீ இருந்தாயே.

அந்த வருஷம்தான் உன் கல்லூரியில் நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்கு உங்களை அந்த ஊருக்கு அனுப்பினார்கள். ஊரின் பெயரை இங்கே எழுதவில்லை. முன்பு கட்டுரையில் அந்தப் பெயரை எழுதி என்ன ஆயிற்று என்பதை நாம் இருவரும் பார்த்துவிட்டோம். வாழைத் தோட்டங்களுக்கு நடுவே கால்வாய் தூர்வாரப் போனீர்கள். பத்து நாள் கழித்து நீ கறுத்துப்போய் வந்தாய், உள்ளங்கை முழுக்கக் கொப்புளம். சாப்பிட உட்கார்ந்தவன் சோற்றைப் பிசைந்தபடியே சொன்னாய்: “அப்பா, அங்க ஒரு இசக்கி இருக்கா. நீங்க பாக்கணும். மத்த இசக்கி மாதிரி இல்ல. இடுப்ப ஒடிச்சி நிக்கா. காலடில ரெண்டு பயலுவ, பக்கத்துல ஒரு பொண்ணு. பின்னால நாய் ஒண்ணு.” நான் சாப்பிடுவதை நிறுத்தினேன். “நாயா சிங்கமா?” என்று கேட்டேன். “தெரியலப்பா, மூஞ்சி தேஞ்சி போச்சி” என்றாய். நீ எனக்கு ஆசையாய்க் கொண்டுவந்து கொடுத்தது அது. என் வேலையைப் பற்றி நீ அவ்வளவு சந்தோஷமாகப் பேசியது அதுதான் முதல் தடவை. அதுவே கடைசியாகவும் ஆயிற்று.

மறுநாளே போனேன். வாய்க்கால் வரப்பில், ஒரு வேப்பமரத்தடியில், கூரை எதுவும் இல்லாமல் அவள் நின்றாள். இடுப்புயரம் இருப்பாள். எண்ணெய் குடித்துக் குடித்துக் கறுத்துப் பளபளத்த கல். வலது கை பக்கத்தில் நிற்கிற சிறுமியின் தலையைத் தொட்டுக்கொண்டிருந்தது. பின்னால் நின்றது சிங்கம்தான், இயக்கிக்கு அதுதான் அடையாளம். ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய சமண இயக்கி, தீர்த்தங்கரருக்குக் காவலாக நிற்கிற பெண் தெய்வம். இயக்கி என்ற பெயர்தான் மருவி நம் பக்கத்து ஊர்த் தெய்வமான இசக்கி ஆயிற்று என்று பலர் எழுதியிருந்தார்கள். ஆனால் ஒரே கல், இயக்கியாகப் பிறந்து, இசக்கியாக இன்னும் கும்பிடப்பட்டுக்கொண்டு, என் கண்ணெதிரே நின்றது. அளவுநாடாவை எடுத்து அந்தக் கல்லை அளக்கத் தொடங்கிவிட்டேன். ஒரு பெண் வந்து என் பக்கத்தில் நின்றதைக்கூட நான் கவனிக்கவில்லை.

அவள்தான் பேச்சியம்மாள். வாழைத் தோட்டத்தில் கூலி வேலை. முகாமில் உங்களுக்குச் சோறு பொங்கிப் போட்டவள் என்பதால் என்னைவிட உனக்குத்தான் அவளை நன்றாகத் தெரியும். “சங்கரு தம்பிக்கு அப்பாவா? வாங்கய்யா” என்றாள். முதல் இரண்டு பிள்ளைகளும் தொட்டிலிலேயே போய்விட்டன என்றும், மூன்றாவது மாரியை இவள் காலடியில் கிடத்தி எடுத்துப்போனதால்தான் அதற்கு உயிர் தங்கியது என்றும் சொன்னாள். செவ்வாய் தவறாமல் எண்ணெய் வைத்து மஞ்சள் பூசி வந்தவள் அவள்தான். அவளிடம் எல்லாவற்றையும் கேட்டேன். எல்லாவற்றையும் நோட்டில் எழுதினேன். ஆனால் கட்டுரையிலும் அருங்காட்சியகப் பதிவேட்டிலும் ஒரு வரி எழுதினேன்: ‘வயல்வெளியில் கைவிடப்பட்ட நிலையில் காணப்பட்டது.’ வழிபாட்டில் இருக்கிற சாமியை எடுத்து வர யாரும் அனுமதி தரமாட்டார்கள். கைவிடப்பட்ட சிலையை எடுத்து வரலாம். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் அந்த வரி.

சிலையைக் கொடுக்க ஊர்க்காரர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. மூன்று தடவை போனேன். “ஐயா, நீங்க படிச்சவிய. நீங்க சொல்லுதது சரியாத்தான் இருக்கும். ஆனா அவ இங்கனயே இருந்து பழகிட்டா” என்று பேச்சியம்மாள் திரும்பத் திரும்ப ஒன்றையே சொன்னாள். அப்போதுதான் உன்னிடம் வந்தேன். சிலை திருடுகிற கூட்டம் ஒன்று இந்தப் பக்கம் சுற்றுகிறது, போலீஸில் ஒரு அதிகாரி என்னைக் கூப்பிட்டே எச்சரித்தார், இன்னும் ஒரு மாதம் அங்கே விட்டுவைத்தால் அவளை வெளிநாட்டில்தான் பார்க்க முடியும் என்றேன். அருங்காட்சியகத்துக்கு வந்த பிறகும் அவர்கள் எண்ணெய் வைக்கலாம், விளக்கேற்றலாம் என்றும் உன்னிடம் சொன்னேன். உன் முகம் வெளுத்துப்போனது. நீ அந்த ஊருக்கு ஓடினாய். சங்கரா, அப்படி எந்தக் கூட்டமும் வரவில்லை. எந்த அதிகாரியும் என்னிடம் பேசவில்லை. முழுக்க முழுக்க நான் கட்டிய கதை. இதுதான் உனக்குத் தெரியாத முதல் விஷயம். நீ அவர்களிடம் சொன்னது பொய் என்று உனக்குத் தெரியாது. அதைப் பொய்யாக உன் வாயில் வைத்தவன் நான்.

நீ அவர்களுக்கு என்ன சொன்னாய் என்பதைப் பின்னால் கேட்டுத் தெரிந்துகொண்டேன். “எப்ப வேணும்னாலும் போயிப் பாக்கலாம், எண்ணெ வைக்கலாம், விளக்கேத்தலாம். எங்கப்பா சொன்னா சொன்னதுதான்” என்றாயாம். உன்னை நம்பித்தான் அவர்கள் தலையாட்டினார்கள். வைக்கோல் பரப்பிய டிராக்டரில் அவளை ஏற்றியபோது பெண்கள் குலவை போட்டார்கள், குலவை பாதியில் அழுகையானது. பேச்சியம்மாள் வண்டியில் ஏறிக்கொண்டு, கல்லின் பாதத்தைப் பிடித்தபடி கால்வாய்ப் பாலம் வரைக்கும் வந்தாள். நீ அவளைக் கைபிடித்து இறக்கிவிட்டாய். நான் முன்னால் ஜீப்பில் உட்கார்ந்து, கயிறு இறுக்கமாக இருக்கிறதா என்று மட்டும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு எனக்கு நல்ல காலம். கட்டுரை வெளிவந்தது, டெல்லியில் பேசக் கூப்பிட்டார்கள், பேசியபோது எழுந்து நின்று கைதட்டினார்கள். இசக்கிக்கென்று தனிக் கூடம் கட்டித் தருவதாகச் சொன்னார்கள், கட்டவில்லை. அதுவரைக்கும் என்று கீழ்த்தளத்துக் கிட்டங்கியில், சாமான் போட்டுவைக்கிற அறையில், வைத்தேன். அந்தக் கிட்டங்கியிலேயே இருந்துவிட்டாள்.

இரண்டாவது விஷயத்தைச் சொல்கிறேன். முதல் வருஷம் ஆடி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில் பேச்சியம்மாள் தனியாகப் பஸ் ஏறி வந்தாள். கையில் எண்ணெய்க் குப்பி, வாழையிலையில் பொதிந்த பூ. வாசல் காவலர் தடுத்தார். எண்ணெய், நெருப்பு, பூ எதுவும் உள்ளே வரக்கூடாது என்று விதி எழுதியவன் நான்தான். “பெரிய சாரு எப்ப வேணும்னாலும் வரச் சொன்னாவளே” என்று அவள் சொன்னது மாடியில் எனக்குக் கேட்டது. காவலர் மேலே வந்து கேட்டபோது, நான் ஒரு கூட்டத்தில் இருப்பதாகச் சொல்லி அனுப்பச் சொன்னேன். கூட்டம் எதுவும் இல்லை. மேஜையில் அச்சகத்திலிருந்து வந்த தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். அவளைப் பற்றிய, அந்த இசக்கியைப் பற்றிய, என் இரண்டாவது கட்டுரை. ஜன்னலுக்குக் கீழே மரநிழலில் பேச்சியம்மாள் மூன்று மணி வரைக்கும் உட்கார்ந்திருந்தாள். தலை நிமிர்ந்தபோதெல்லாம் அவள் தெரிந்தாள். நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டேன். அவள் போன பிறகு காவலர் வந்து சொன்னார்: “சத்தமெல்லாம் போடல சார். ‘ஐயாவுக்குச் சோலி இருக்கும், பெறவு வாரேன்’னுட்டுப் பைய நடந்து போயிட்டு.” சத்தம் போட்டிருந்தால் எனக்கு அது பழகிப்போயிருக்கும். போடாமல் போனதுதான் இன்றுவரை மனதைவிட்டுப் போகவில்லை.

அடுத்த வருஷம் நீ அவளைக் கூட்டி வந்ததை நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் எழுதுகிறேன், என் கையால் எழுத வேண்டும். நீ என் எதிரில் நின்றதால் மறுக்க முடியாமல் ஐந்து நிமிஷம் அனுமதி கொடுத்தேன். எண்ணெய் கிடையாது என்றேன். கிட்டங்கியில் விளக்கைப் போட்டதும் பேச்சியம்மாள் கும்பிடக் கையைத் தூக்கினாள், அப்படியே நின்றுவிட்டாள். சிலையின் முதுகுப்புறம் நமக்கு. பாதத்தில் வெள்ளைச் சாயத்தில் பதிவு எண். “ஏன்யா இவளச் செவுத்தப் பாக்க வச்சிருக்கிய?” என்று கேட்டாள். இடம் போதவில்லை என்று ஏதோ சொன்னேன். நீ என்னிடம், “எண்ணெ வைக்கலாம், விளக்கேத்தலாம்னு நீங்க சொன்னீங்கள்லாப்பா?” என்று கேட்டாய். குரல் உயரவில்லை உனக்கு. நான் அவளுக்கு முன்னால், காவலருக்கு முன்னால், உன்னைப் பார்த்துச் சொன்னேன்: “வாயால சொன்னதெல்லாம் ஃபைல்ல ஏறாதுலே.” நீ அவளைக் கைத்தாங்கலாகப் படியேற்றிக் கூட்டிக்கொண்டு போனாய். அடுத்த மாதம் பெங்களூர் வேலைக்கு எழுதிப் போட்டாய். அம்மா இன்றைக்கும் நல்ல சம்பளத்துக்காக நீ போனதாக நினைக்கிறாள்.

ஓய்வு பெறுவதற்கு ஒரு வருஷம் முன்னால் இசக்கியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று அருங்காட்சியகக் குழுவில் கேட்டேன். இதை நல்ல குணம் என்று எடுத்துக்கொள்ளாதே. நாற்காலி போகப்போகிறது என்று தெரிந்த பிறகு வந்த குணம். உறுப்பினர்களில் ஒருவர் விதிப்புத்தகத்தைப் புரட்டி என் முன்னால் வைத்தார். பதிவேட்டில் ஏறிய பொருள் எக்காரணத்துக்காகவும் வெளியே போகாது. என் வாசகம், என் கையெழுத்து. “நீங்க எழுதினதுதானே சார்?” என்று மரியாதையாகத்தான் கேட்டார். அது கைவிடப்பட்ட சிலை இல்லை, கும்பிட்டுக்கொண்டிருந்த சாமி என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொன்னால் என் கட்டுரை பொய்யாகும், டெல்லியில் தட்டிய கை பொய்யாகும். காப்பியைக் குடித்தேன்.

கடைசி நாளன்று மாலை போட்டார்கள், பேசினார்கள். எல்லோரும் போன பிறகு பதிவேட்டை எடுத்து அந்தப் பக்கத்தைத் திறந்தேன். ‘கைவிடப்பட்ட நிலையில்’ என்பதை ஒரே கோட்டால் அடித்தேன். அடித்தது படிக்கும்படிதான் இருக்க வேண்டும் என்பது எங்கள் முறை. மேலே, ‘வழிபாட்டில் இருந்தது. பேச்சியம்மாள் என்பவர் பராமரித்து வந்தார். தவறான தகவல் தந்து எடுத்து வரப்பட்டது’ என்று எழுதிக் கையெழுத்தும் தேதியும் போட்டேன். புதிய இயக்குநருக்கும் கட்டுரை வெளியிட்டவர்களுக்கும் இதையே கடிதமாக அனுப்பினேன். இன்னும் யாரும் பதில் போடவில்லை. என்றைக்காவது அந்த ஊர்க்காரர்கள் கேட்டால் அந்த மூன்று வரி உதவலாம், உதவாமலும் போகலாம். முப்பது வருஷம் இந்தப் பக்கத்துக் கற்களைப் பற்றி எழுதியதில், அந்த மூன்று வரிதான் பழுதில்லாதது.

நீ தொலைபேசியில் பேசியதற்கு இரண்டு நாள் கழித்து, செவ்வாய்க்கிழமை, அந்த ஊருக்குப் போனேன். அம்மாவிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனேன். பேச்சியம்மாள் இல்லை, சங்கரா. போன ஐப்பசியில் மஞ்சள்காமாலை கண்டு போய்விட்டாளாம். இதை இப்படி ஒரு தாளில் உனக்குத் தெரிவிக்க வேண்டியதாயிற்று. நமக்கு யாரும் சொல்லிவிடவில்லை. நாம் யார் அவர்களுக்கு? மகள் மாரிதான் இருந்தாள். இடுப்பில் ஒரு பிள்ளை. வேப்பமரத்தடியில், இசக்கி நின்ற இடத்தில், ஒற்றைச் செங்கல் நட்டு மஞ்சள் பூசியிருக்கிறார்கள்.

நின்றபடியே எல்லாவற்றையும் மாரியிடம் சொன்னேன். திருடர்கள் வருவதாகச் சொன்னது என் பொய், என் மகனுக்கு அது பொய் என்று தெரியாது, அவன் நம்பித்தான் உங்களிடம் பேசினான், வாக்குத் தவறியது நான், அவன் இல்லை என்றேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் நாலைந்து பேர் வந்து நின்றார்கள். அவர்களுக்கும் இன்னொரு தடவை சொன்னேன். ஒரு பெரியவர், “இதச் சொல்ல ஆறு வருசம் ஆச்சாவே ஒமக்கு?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். பொய் சொன்னதற்குக் காரணம் சொல்ல வாயெடுத்தபோது மாரி தடுத்தாள். “கேட்டா நாங்க குடுக்க மாட்டோம்யா. அது ஒங்களுக்குத் தெரியும். அதான் பொய் சொன்னிய. இதுல என்ன காரணம் இருக்கு?” என்றாள். இசக்கியைத் திரும்பக் கொண்டுவர மனுப் போடலாம், நான் எழுதித் தருகிறேன், சாட்சிக்கும் வருகிறேன் என்றேன். “யோசிச்சிச் சொல்லுதோம்” என்றாள். குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள். உட்காரச் சொல்லவில்லை.

உனக்குக் கல்யாணம். பெரியவர்கள் புத்தி சொல்ல வேண்டிய நேரம். எனக்குச் சொல்லத் தகுதியுள்ளது ஒன்றுதான். உன் மேல் ஒருவர் வைத்திருக்கிற நம்பிக்கையை உன் வேலைக்கு எடுத்துச் செலவழிக்காதே. உன் மனைவி உனக்காக நாலு பேரிடம் ஒரு வார்த்தை கொடுத்தாளானால், அது உன் கழுத்தில் விழுந்த வார்த்தை. வேலை பெரிது, படிப்பு பெரிது, நாளைக்கு எல்லோரும் புரிந்துகொள்வார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். புரிந்துகொள்ள யாரும் காத்துக்கொண்டிருக்கவில்லை. பேச்சியம்மாள் போய்விட்டாள், நீ ஊரைவிட்டே போய்விட்டாய். பிறகு, தப்பு செய்தால் அன்றைக்கே சொல்லிவிடு. நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொள்ளாதே.

நான் வரப்பில் ஏறித் திரும்பி நடந்தபோது மாரி பிள்ளையோடு பின்னால் ஓடி வந்தாள். சிலையைப் பற்றி ஏதோ கேட்கப்போகிறாள் என்று நின்றேன். “ஐயா, சங்கரு தம்பி நல்லா இருக்கா?” என்றாள். தையில் கல்யாணம் என்றேன். அவள் முகம் அன்று முதல்முறையாக மலர்ந்தது. “எங்கம்மை கெடையில கெடக்கும்போது இசக்கியக் கேக்கவே இல்லய்யா. ‘சங்கரு தம்பி ஏன் இந்தப் பக்கமே வரல, நம்ம மேல எதும் வருத்தமா’ன்னுதான் கேட்டுக்கிட்டே கெடந்தா. தம்பிய வரச் சொல்லுங்க. நாங்க ஒண்ணும் நெனைக்கல” என்றாள்.

அவர்கள் உன்னை வெறுத்துக்கொண்டிருப்பதாக நீ பெங்களூரில் உட்கார்ந்து வெட்கப்பட்டிருக்கிறாய். நீ தங்களை வெறுத்துவிட்டாயோ என்று பேச்சியம்மாள் வருத்தப்பட்டுச் செத்திருக்கிறாள். இரண்டுக்கும் நடுவில் நான் ஒருவன் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறேன்.

வருகிற வாரம் நீ ஊருக்கு வந்ததும் முதல் வேலையாக அங்கே போ. மாரியின் வீடு கால்வாய்ப் பாலம் தாண்டி இரண்டாவது. மத்தியானத்துக்கு மேல் இருப்பாள். பத்திரிகையில் அவள் பெயரை அம்மா எழுதி வைத்துவிட்டாள். நான் உடன் வரவில்லை. அங்கே உனக்குப் பக்கத்தில் நிற்கிற யோக்கியதையை நான் இழந்துவிட்டேன். கல்யாணத்தில் நிற்கலாமா என்பதையும் நீதான் சொல்ல வேண்டும். எது சொன்னாலும் சரி, ஆனால் உன் வாயால் சொல், அம்மாவிடம் சொல்லி அனுப்பாதே.

உன் அப்பா